பிள்ளை வளர்ப்பும் பெற்றோர் மனநிறைவும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்விச் சங்கம் ஒன்று வெள்ளி விழாக் காணுங்கால், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று கணக்கிட்டு மகிழ்வது மரபு. அம்மகிழ்ச்சி நமக்கும் உண்டு. எனினும் பட்டம் பெற்ற ஒருவனின் கல்வி பள்ளி வாயிலில் தொடங்கியதன்று. அவன் தாய் அவனை எங்கே கிடத்திவிட்டு வேலைக்குச் சென்றாள், அவனுக்கு முதற் கவளம் ஊட்டியவர் யார், அவனைத் தூக்கிச் சுமந்த அக்காள் என்ன ஆனாள் என்னும் வினாக்களில்தான் அக்கல்வியின் வேர் இருக்கிறது. ஆதலின் இம்மலரில், பிள்ளை வளர்ப்பில் குடும்பங்களுக்குத் துணை நிற்கவென்று நாட்டில் தோன்றிய பணிகளின் வரலாற்றையும், அவற்றால் நம் பெற்றோர் உண்மையில் நிறைவடைந்தனரா என்பதையும் ஆராய முற்படுகின்றோம்.

தூளி தொங்கிய காலம்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பக்கம் பார்த்தவாறு கிடக்கும் ஊர்களுள் நம் வன்னியம்பட்டியும் ஒன்று. ஒரு புறம் ஆண்டாள் கோயிலின் கோபுரம். மறு புறம் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராசபாளையத்தில் நூற்பாலை நிறுவிய பின்னர், அவ்வூர் ஆலைத் தொழிலில் வளர்ந்தது. திருவில்லிபுத்தூரோ பால்கோவாவுக்குப் பேர் பெற்றது. ஆனால் மாடுகளுக்குப் புல்லறுத்துச் சுமந்த கூலித் தாயின் பிள்ளைக்குக் கால்படிப் பால் கிடைத்ததா என்று யாரும் கேட்டதில்லை.

நம் தாய்மாருள் மூத்தோரைக் கேட்டால் அக்காலத்துப் பிள்ளை வளர்ப்பைக் கதை கதையாகச் சொல்வர். வயல் வரப்பில் நின்ற வேப்ப மரத்தில் பழஞ்சேலையால் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்துவர். நாற்று நடும் கைகள் நட்டுக்கொண்டிருக்க, செவிகள் மட்டும் தூளிப் பக்கமே இருக்கும். பிள்ளை அழுதால் வரப்பேறிச் சென்று பாலூட்ட மேற்பார்ப்பவரின் முகம் பார்க்க வேண்டும். எறும்பும் வெயிலும் பாம்பும் அஞ்சப்பட்டன. அவற்றினும் மேலாகக் கூலி குறைதல் அஞ்சப்பட்டது.

தூளியை ஆட்டியது யார்? பெரும்பாலும் ஏழு, எட்டு வயது மூத்த பெண்பிள்ளை. இடுப்பில் தம்பியைச் சுமந்து, கையில் கஞ்சிக் கலயத்தைப் பிடித்து அவள் தாயின் பின்னே நடந்தாள். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் அவள் வரப்பில் நின்றாள். நம் சமுதாயத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் எழுத்தறியாமற் போனதற்குத் தடுத்து நிறுத்திய சாதியும் வறுமையும் மட்டுமே காரணங்கள் அல்ல. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமையும் ஒரு காரணம். இதனை இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையின் பின்பகுதி முழுவதும் அந்த மூத்த பெண்பிள்ளையை நோக்கியே செல்கிறது.

பசியைப் பள்ளி கண்ட நாள்

பிள்ளையின் பசி பெற்றோரின் தனிக் கவலை அன்று, ஊரின் பொதுக் கவலை என்னும் எண்ணம் தமிழகத்தில் ஆட்சி ஏடுகளில் ஏறியது 1920-இல் எனலாம். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமற் செலவு செய்யலாம் என்பது ஏற்பாடு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. பிள்ளைகளின் வருகையும் கூடியது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று அரசு தடுத்தமையால் 1925-இல் அது நின்றது. பின்னரே மீண்டும் உயிர்பெற்றது. சோறு கல்விச் செலவு ஆகாது என்று கணக்கர் கருதினர். பசித்த வயிற்றோடு அகரம் எழுதிப் பார்த்தவர் அவ்வாறு கருதியிருக்க மாட்டார்.

அக்காலமே எம். சி. இராசா சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் பள்ளிக்கும் உதவித்தொகைக்கும் குரல் கொடுத்த காலம். இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நம் கால் படவும் கை படவும் உரிமை கேட்ட காலம். தாழ்த்தப்பட்டோர் நலனுக்கெனத் தொழிலாளர் நல ஆணையரின் பொறுப்பில் தனிப் பள்ளிகளும் விடுதிகளும் ஏற்பட்டன. நம் மக்கள் அவற்றை 'லேபர் பள்ளி' என்றழைத்தனர். இத்தலைவர்களின் கோரிக்கைகளை இன்று படிக்கும்போது ஒன்று புலனாகின்றது. கிடைத்ததற்கு நன்றி சொல்லி அவர்கள் அமரவில்லை. கிடைத்ததன் அளவையும் தன்மையையும் கேட்டுக்கொண்டேயிருந்தனர்.

பம்பாய் மாகாணத்தில் அண்ணல் அம்பேத்கர் இதே வழியில் நின்றார். 1928-இல் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு மகப்பேற்றுக் காலத்தில் ஊதியத்துடன் ஓய்வளிக்கும் சட்டவரைவு பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு வந்தபோது, அவர் அதனை ஆதரித்துப் பேசினார். பேறு காலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்பது அவர் வாதம். மறு ஆண்டு, 1929-இல், அச்சட்டம் நிறைவேறியது. பிள்ளை பெறுதல் ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட பாடு, அதற்கு நாடு ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று வினவியோருக்கு அவர் தந்த விடை, நம் ஊர் வரப்புத் தூளிக்கும் பொருந்துவதே ஆகும்.

பெற்றோர் 'வேண்டாம்' என்ற திட்டம்

பெற்றோரின் மனநிறைவை ஆராயும்போது, அவர்கள் நிறைவடையாது எதிர்த்த ஒரு திட்டத்தையும் நினைவுகூர்தல் கடமை. 1953-இல் இராசாசி முதலமைச்சராக இருந்தபோது சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டம் புகுந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் வீட்டில் பெற்றோரிடம் தொழில் பழகுவர் என்பது அதன் சாரம். பள்ளிகள் குறைவு, பிள்ளைகள் மிகுதி என்னும் காரணம் கூறப்பட்டது.

பெற்றோரையே ஆசிரியராக்குவதாகத் தோன்றிய இத்திட்டம், மேற்பார்வைக்குக் குடும்பத்தைப் பெருமைப்படுத்துவது போலிருந்தது. ஆனால் வரப்பில் கூலி வேலை செய்யும் தந்தையிடம் மகன் எதைப் பழகுவான்? கூலி வேலையைத்தானே பழகுவான்! இதனைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டுத் திராவிட இயக்கத்தாரும் பிறரும் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. குடும்பத்துக்குத் துணை என்று வருவன எல்லாம் துணையாகா; அவை பிள்ளையைத் தந்தை நின்ற இடத்திலேயே நிறுத்துகின்றனவா, அன்றி ஓரடி முன்னே வைக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எட்டயபுரத்தில் தொடங்கிய சோறு

விருதுநகரில் பிறந்த காமராசர் நம் பகுதிக்கு அயலார் அல்லர். 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். முதலமைச்சரான பின் மூடப்பட்ட பள்ளிகளைத் திறந்ததோடு, பள்ளியில் மதிய உணவு அளிக்கவும் முனைந்தார். கல்வித்துறையில் நெ. து. சுந்தரவடிவேலு அவருக்குத் துணையாய் நின்றார். 1956-இல் எட்டயபுரத்தில் அத்திட்டம் தொடங்கியது. செலவில் அறுபது பங்கு அரசுடையது. நாற்பது பங்கு ஊரார் நன்கொடை. 1958 முதற்கொண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் மனமுவந்து மேசை, நாற்காலி, சீருடை, கட்டடம் எனப் பள்ளிகளுக்கு அளித்தனர்.

இதன் பெருமையைக் குறைத்துக் கூற நாம் விரும்பவில்லை. ஒரு வேளைச் சோறு பல்லாயிரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. அவர்களுள் நம் தந்தையர் பலர் உண்டு. ஆயினும் வரலாற்றைப் படிப்போர் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். நாற்பது பங்கு ஊரார் தர வேண்டுமெனில், வளமுள்ள ஊர் எளிதில் தரும். கூலிக்காரர் மட்டுமே வாழும் குடியிருப்பு எங்ஙனம் தரும்? மேலும், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுத்த அரிசியில் வெந்த சோறு, உண்ணும் பிள்ளைக்கு உரிமையாகத் தோன்றுமா, ஈகையாகத் தோன்றுமா? வயிறு நிறைந்தது, தலை நிமிர்ந்ததா என்பது வேறு கேள்வி.

தராசும் சத்துணவும்

பள்ளி வயதுக்கு முன்னுள்ள பிள்ளைகள் இக்காலம் வரை தூளியிலேயே இருந்தனர். அவர்களை நாடு எண்ணிப் பார்த்தது 1970-களில்தான். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்னும் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இணை உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, விளையாட்டு வழிக் கல்வி, தாய்க்கு நலக் கல்வி ஆகியவற்றை ஒரே மையத்தில் அளிப்பது அதன் நோக்கம். ஏட்டில் அதன் பெயர் அங்கன்வாடி. நம் தாய்மார் வாயில் இன்றும் அது 'பால்வாடி'தான்.

1980-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் செயற்பட்டு, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. நம் பகுதி அப்பொழுது அம்மாவட்டத்தில் இருந்தது. 1985-இல்தான் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தது. இத்திட்டத்தின் உயிர் தராசில் இருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தனர். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துணவு தந்து தேற்றினர். எழுத்தறியாத தாயும் அட்டையில் கோடு மேலே போகிறதா, கீழே சாய்கிறதா என்று கண்ணாற் கண்டாள். 'பிள்ளை மெலிவது விதி' என்ற பழைய எண்ணத்தை அக்கோடு அசைத்தது.

1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. சிற்றூர்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முதலில் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கும் விரிந்தது. ஊரார் நன்கொடையை நம்பாது அரசே சோறிட்டமையால், முன்னர் நாம் சுட்டிய ஈகைக்கும் உரிமைக்கும் இடையிலான வேறுபாடு இங்கே ஓரளவு தீர்ந்தது. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பின்னர் வாரம் ஒன்று, மூன்று என வளர்ந்து 2010-இல் வாரம் ஐந்தாயிற்று. ஆட்சிகள் மாறினும் திட்டம் குறையாமல் வளர்ந்தமைக்குக் காரணம், அதனைத் தொட்டால் தாய்மார் பொறுக்கமாட்டார் என்பதை எல்லாக் கட்சிகளும் அறிந்திருந்தமையே.

பேறு காலத்துக்கும் உதவி வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில் நடைபெற்று, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியலிலேயே வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் இதே காலத்தில் நம் பக்கத்திலேயே மற்றொரு வரலாறும் நடந்தது. 1970-களிலும் 1980-களிலும் சிவகாசி, சாத்தூர்ப் பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளை விடியுமுன் ஏற்றிச் சென்ற வண்டிகளை மூத்தோர் மறக்கவில்லை. பள்ளியில் சோறு உண்டு. தொழிற்சாலையில் கூலி உண்டு. கடன்பட்ட வீடு கூலியைத் தேர்ந்தது. பெற்றோரைப் பழிப்பது எளிது. ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் போதிய கூலி இல்லாத இடத்தில், பிள்ளைக்கு மட்டும் சோறிட்டுவிட்டுக் குடும்பத்துக்குத் துணை நின்றதாக நாடு மனநிறைவு கொள்ளல் ஆகாது. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986-இல்தான் வந்தது.

எவருடைய மனநிறைவு?

இனி நாம் மையக் கேள்விக்கு வருகின்றோம். பெற்றோரின் மனநிறைவு என்று பொதுவாகப் பேசுகிறார்கள். எந்தப் பெற்றோர்?

2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், உணவுரிமை வழக்கில், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. தமிழகம் அதற்குப் பல்லாண்டு முன்பே வழிகாட்டியிருந்தது. 2004 ஏப்ரலில் அதே வழக்கில், சமையலர், உதவியாளர் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறியது. ஏன் இதனை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது? நம் பெண் சமைத்தால் தம் பிள்ளை உண்ணாது என்று சொல்லும் பெற்றோர் நாட்டில் இருந்தமையால்தான்.

அவர்கள் அன்று மட்டும் இருந்தவர்கள் அல்லர். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அவினாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் நம் சமுதாயப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தடுத்தனர். அவர் இடம் மாற்றப்பட்டார். போராட்டம் எழுந்த பின்னரே அம்மாற்றம் நீக்கப்பட்டது. 2023-இல் எட்டயபுரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் காலை உணவைச் சமைத்தவர் நம் சமுதாயத்தவர் என்பதால் பிள்ளைகள் சிலரை உண்ணவிடாது பெற்றோர் தடுத்ததாகச் செய்தி வந்தது; அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அங்குச் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். 1956-இல் காமராசரின் மதிய உணவு தொடங்கிய அதே எட்டயபுர மண்ணில், 67 ஆண்டுகள் கழித்தும் சோற்றில் சாதி தேடப்பட்டது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளும்.

இங்கே இருவகைப் பெற்றோரின் மனநிறைவு எதிரெதிரே நிற்கின்றது. ஒருவர் தம் பிள்ளை எவரோடும் சேராது உண்டால் நிறைவடைகிறார். மற்றவர் தம் பிள்ளை எல்லாரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டால் நிறைவடைகிறார். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் எந்தக் கணக்கும் பிழையானதே. ஒரு பொதுப்பணி எல்லாப் பெற்றோரையும் நிறைவு செய்தல் இயலாது. சமத்துவத்தை விரும்பும் பெற்றோரை நிறைவு செய்தால் அதுவே போதும்.

'நல்லாத்தான் இருக்கு' என்ற விடை

2004-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அங்கன்வாடி மையங்களைப் பற்றி ஆய்வு ஒன்று நடைபெற்று, 2006-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதில் தாய்மாரையே கேட்டனர். மையம் திறந்திருக்கும் நேரம், உணவு, பணியாளரின் ஈடுபாடு முதலியவற்றில் தமிழகத் தாய்மாரின் விடைகள் வட மாநிலங்களினும் மேம்பட்டிருந்தன. இங்குப் பணியாளர் அனைவரும் பெண்கள், பயிற்சி பெற்றவர்கள், மையங்கள் அதிக நேரம் திறந்திருந்தன. தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே இது.

ஆயினும் மனநிறைவு என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாளல் வேண்டும். நாம் ஒரு குடியிருப்பில் தாய் ஒருவரிடம், "அக்கா, பால்வாடி எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார். "எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்?" என்றோம். "நாங்க வேலைக்குப் போன பெறகு" என்றார். "அப்படியானால் அதுவரை பிள்ளை?" "பெரியவ பாத்துக்கிருவா. அவளுக்குக் கொஞ்சம் நேரமாத்தான் பள்ளிக்கூடம் போக முடியும்." "இந்த மாதம் எடை பார்த்தார்களா?" "போன மாசமும் பாக்கல." மீண்டும் கேட்டோம்: "ஆனாலும் நன்றாக இருக்கிறது என்கிறீர்களே?" அவர் சிரித்துவிட்டு, "எங்க அம்மா காலத்துல இதுவுமில்லையே தம்பி" என்றார்.

இவ்விடையில் நம் சமுதாயத்தின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. வெறுங்கலயத்தைக் கண்டவருக்கு அரைக்கலயம் நிறைகலயமாகத் தோன்றும். பல தலைமுறையாய் மறுக்கப்பட்டவர் சிறிது கிடைத்தாலே நிறைவடைந்துவிடுகிறார். ஆகவே, 'பெற்றோர் நிறைவடைந்துள்ளனர்' என்று எந்த அறிக்கை கூறினும், அந்நிறைவு எதனோடு ஒப்பிட்டுப் பெற்றது என்று கேட்டல் வேண்டும். தாயின் காலத்தோடு ஒப்பிட்டா, மகளின் உரிமையோடு ஒப்பிட்டா?

எனவே நாம் மூன்று வினாக்களை அளவுகோலாக முன்வைக்கின்றோம். முதலாவது: தாய் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மையம் திறந்திருக்கிறதா? இரண்டாவது: மூத்த பெண்பிள்ளை முதல் மணியடிக்கும்போது தன் வகுப்பில் இருக்கிறாளா? மூன்றாவது: நம் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில், ஒரே தட்டில், ஒரே கையால் பரிமாறப்பட்டு உண்கிறதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வருமாயின் பெற்றோர் நிறைவடையலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், 'நல்லாத்தான் இருக்கு' என்பதை நாம் ஏற்றுக்கொள்ளல் ஆகாது.

கடலுக்கு அப்பால் ஒரு சான்று

நம்மைப் போன்றே பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்கள் வேறு நாட்டில் என் செய்தனர் என்பதும் அறியத்தக்கது. 1965-இல் அமெரிக்க அரசு 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் பெயரால் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முந்தைய கல்வியும் உணவும் மருத்துவமும் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிறவெறி மிக்க மிசிசிப்பி மாநிலத்தில், குடியுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட கறுப்பின மக்கள் தாமே குழு அமைத்து அம்மையங்களை நடத்தினர். வெள்ளையர் வீட்டில் வேலை செய்தும் பருத்தி பறித்தும் வாழ்ந்த தாய்மார் மையங்களில் ஆசிரியைகளாயினர். யாரை நியமிப்பது, என்ன சமைப்பது என்பவற்றைப் பெற்றோர் குழுக்களே முடிவு செய்தன. மாநிலத்தின் ஆதிக்க அரசியலார் அதன் நிதியை நிறுத்த முயன்றனர். சோறு போடுவதை அவர்கள் அஞ்சவில்லை. சோற்றுக் கணக்கைக் கறுப்பினத் தாய் பார்ப்பதையே அஞ்சினர்.

உதவி பெறுபவராக இருந்த பெற்றோர் அதனை நடத்துபவராக மாறியபோது மனநிறைவின் பொருளே மாறியது. அம்மாற்றம் நமக்கும் வேண்டும்.

கையிலுள்ள சட்டங்கள்

அதற்கான கருவிகள் நம் கையில் இல்லாமல் இல்லை. 2006 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு அங்கன்வாடி அமைப்பதில் முன்னுரிமை தர வேண்டும் என்றும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கோரினால் மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினருள் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய விழுக்காட்டில் இடம் வேண்டும் என்று விதிக்கின்றது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளையின் உணவை அங்கன்வாடி வழியே சட்ட உரிமையாக்கியது. குறை தீர்க்கும் அலுவலரையும் சமூகத் தணிக்கையையும் வகுத்தது. நூற்றாண்டுக்கு முன் ஓரணாச் செலவையும் கல்விச் செலவன்று என மறுத்த நிலையிலிருந்து, சோறு உரிமை என்று சட்டம் சொல்லும் நிலை வரை நாம் வந்துள்ளோம்.

ஆனால் சட்டம் தானாக நடந்து நம் தெருவுக்கு வராது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாயொருத்தியின் பெயர் இருக்கலாம்; கூட்ட நாளில் அவள் கூலியை விட்டுப் போக முடிகிறதா? போனாலும் நாற்காலியில் அமர்கிறாளா, அன்றிக் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்புகிறாளா? கிராம சபையில் அங்கன்வாடியின் திறப்பு நேரம் பற்றிப் பேச எவரேனும் எழுகின்றனரா?

இளைஞர்க்கு

நம் கல்விச் சங்கம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மாலை நேரப் பாடத்துக்கும் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் துணை நின்றது. அப்பணி தொடரட்டும். அடுத்த கட்டமாக, படித்த நம் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது பெரும் பொருளுதவியன்று. மாதத்தில் ஒரு நாள் காலையில் உங்கள் தெருப் பால்வாடியின் வாயிலில் நில்லுங்கள். எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி அட்டையை வாங்கி, அதன் கோட்டைத் தாய்க்கு விளக்குங்கள். பந்தியில் பிள்ளைகள் எவ்வாறு அமர்த்தப்படுகின்றனர் என்று பாருங்கள். குறை கண்டால் பணியாளரோடு பூசலிடாதீர்கள். அவரும் குறைந்த ஊதியத்தில் பல பொறுப்புகளைச் சுமப்பவரே. குறையை எழுதி, தாய்மார் கையெழுத்துடன் கிராம சபையில் வையுங்கள். பேசத் தயங்கும் தாயின் அருகில் அமர்ந்து, பேசும் துணிவு தாருங்கள். அவளுக்காக நீங்களே பேசிவிடாதீர்கள்.

வேப்ப மரத்தில் தொங்கிய தூளியை நாம் இழிவாக நினைக்கவில்லை. அதில் கிடந்து வளர்ந்தவர்களே இம்மலரை அச்சிடும் அளவுக்கு நம்மை உயர்த்தினர். ஆனால் அத்தூளியை ஆட்டியபடி வரப்பில் நின்ற அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு நம் சமுதாயம் ஒரு கடன் பட்டிருக்கிறது. அவள் இன்று பாட்டியாகி நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறாள். தன் பெயரை எழுத அறியாள். அவளுடைய பேத்தி தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு, முதல் மணிக்கு முன்னரே தன் வகுப்பில் சென்று அமரும் நாளில்தான் அக்கடன் தீரும். அன்று எவரேனும் வந்து பெற்றோரிடம், மனநிறைவா என்று கேட்டால், தயக்கமின்றி விடை சொல்வோம்.